உடலின் வேகம் வேறு, அகாடமியின் கெடு வேறு

கால்பந்து அகாடமியில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று அகாடமியின் கணக்கு: 9 வயதில் பதிவு, 12-இல் அடுத்த கட்டம், 14-இல் ஒரு வடிகட்டல், 16-இல் இன்னொன்று, 18-இல் கான்ட்ராக்டா வீடா என்ற முடிவு. மற்றது உடலின் கணக்கு. அது எந்த அட்டவணைக்கும் கட்டுப்படாது. 12 வயதிலேயே மீசை அரும்பும் பையனும் உண்டு, 15 முடிந்த பிறகே உயரத் தொடங்குபவனும் உண்டு. அகாடமிகளில் எடுக்கப்படும் தவறான முடிவுகளில் பெரும்பகுதி இந்த இரண்டு கணக்கும் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் நடக்கிறது என்பது என் உறுதியான கருத்து. பெற்றோரும் வீரரும் அந்த இடங்களை முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தால் பாதி சேதத்தைத் தவிர்க்கலாம்.

முதலில் எண்ணிக்கையை நேராகப் பார்த்துவிடுவோம். ஒரு பெரிய கிளப்பில் அண்டர் 9 (9 வயதுக்குட்பட்டோர்) முதல் அண்டர் 21 வரை ஒவ்வொரு பிரிவிலும் 15 பேர் என்று வைத்தாலே 150-ஐத் தாண்டிவிடும். சீனியர் அணியில் இருப்பது சுமார் 25 பேர். ஒரு சீசனில் அதில் காலியாவது நான்கைந்து இடம். அந்த இடங்களுக்கும் வெளியிலிருந்து விலை கொடுத்து ஆள் வாங்க கிளப் தயாராக இருக்கிறது. ஆக, சேர்பவர்களில் மிகப் பலரை வெளியே அனுப்புவது அகாடமியின் அன்றாட வேலை. இடம் கிடைத்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று 12 வயதில் படிப்பைத் தளரவிடும் குடும்பங்கள்தான் 18-இல் மோசமாக அடிபடுகின்றன.

9 முதல் 11 வரை

இங்கிலாந்தில் 2012-இல் நடைமுறைக்கு வந்த, இளம் வீரர்களை உருவாக்குவதற்கான இபிபிபி (EPPP) திட்டம் அகாடமிகளை நான்கு தரமாகவும், வளர்ச்சியை மூன்று கட்டமாகவும் பிரித்தது: அண்டர் 9 முதல் 11 வரை, 12 முதல் 16 வரை, அதற்கு மேல். முதல் தர அகாடமியில் சின்னப் பிள்ளைகளுக்கு வாரம் 4 மணி நேரத்தில் தொடங்கும் பயிற்சி 8 வரை போகும். நடுக் கட்டத்தில் 10 முதல் 12 மணி நேரம். பிரான்ஸின் கிளேர்ஃபோன்டேன் மையம் வேறு வழியில் போகிறது. 13 முதல் 15 வயதுவரை திங்கள் முதல் வெள்ளி அங்கே தங்கிப் பயிற்சி, வார இறுதியில் சொந்த கிளப்புக்குப் போய் மேட்ச். எம்பாப்பே வந்த வழி அது. யூரோ 2000-இல் தடுமாறிய ஜெர்மனி, அதற்குப் பிறகு புண்டஸ்லிகா கிளப் ஒவ்வொன்றும் அகாடமி நடத்தியே ஆக வேண்டும் என்று விதி வைத்தது.

அமைப்பு எதுவானாலும் இந்த வயதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பிள்ளையின் கால் பந்தில் எத்தனை முறை படுகிறது? 5-க்கு 5, 7-க்கு 7 என்று சிறிய மைதானத்தில் ஆட வைப்பதற்குக் காரணம் அதுதான். 11 பேர் அணியில் 10 வயதுப் பையன் முழு மைதானத்தில் ஓடிக் களைப்பானே தவிர பந்தை அதிகம் தொடமாட்டான். ஒரு மணி நேரப் பயிற்சியில் அவன் வரிசையில் காத்து நிற்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். கால் மணி நேரத்தைத் தாண்டினால், சுவரில் தொங்கும் கோப்பைகள் எத்தனை இருந்தாலும் அந்தப் பயிற்சியில் கோளாறு இருக்கிறது.

இந்தக் கட்டத்தில் கற்றுக்கொள்ளாவிட்டால் பின்னால் மிகவும் சிரமப்படுத்துவது பந்தை வாங்கும் முறை. பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி இரண்டு தோளுக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். உடல் பாதி பக்கவாட்டில் திறந்திருக்க வேண்டும். பாஸ் வரும் திசைக்குத் தள்ளி இருக்கும் காலால் பந்தை வாங்கினால் அதே தொடுதலில் முன்னால் திரும்பிவிடலாம். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பல ஆண்டுகள் வீடியோக்களை வைத்து ஆராய்ந்து காட்டியது இதைத்தான்: அடிக்கடி சுற்றிப் பார்க்கும் மிட்ஃபீல்டர்களின் பாஸ் அதிகம் கைகூடுகிறது. பழக்குவது எளிது. 8 முதல் 10 மீட்டர் தூரத்தில் ஒருவர் பாஸ் கொடுக்கட்டும், இன்னொருவர் பையனின் முதுகுக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்டட்டும். பந்து காலுக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை விரல் என்று அவன் சொல்ல வேண்டும். முதலில் ஒரே பக்கம், பிறகு இரண்டு பக்கம், பிறகு விரல் காட்டுபவர் ஓடி வந்து நெருக்க வேண்டும். பலர் செய்யும் தவறு, பந்தை நிறுத்திய பிறகு சுற்றிப் பார்ப்பது. 11 வயதில் அதற்கு நேரம் இருக்கும், 17 வயதில் இருக்காது.

இன்னொரு தவறு பயிற்சியாளர்களுடையது. உயரமான பையனை டிஃபென்ஸிலும், வேகமானவனை முன்னாலும் நட்டுவைத்து அதே இடத்தில் மூன்று வருடம் ஆட விடுவார்கள். கோப்பை கிடைக்கும், பையன் பாதிதான் கற்பான். ஒரு சீசனில் குறைந்தது மூன்று இடங்களிலாவது ஆடவிடுகிறார்களா என்று கேளுங்கள்.

பிறந்த மாதம்

வயதுப் பிரிவுக்கு ஒரு கட்-ஆஃப் தேதி உண்டு. இங்கிலாந்தில் செப்டம்பர் 1. ஃபிஃபா போட்டிகளிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் ஜனவரி 1. ஜனவரி 5-இல் பிறந்தவனும் டிசம்பர் 20-இல் பிறந்தவனும் ஒரே பிரிவு. 10 வயதில் அந்தப் பதினொன்றரை மாதம் என்பது வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு. எந்த நாட்டு அகாடமியை எடுத்தாலும் முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்கள் கடைசி மூன்று மாதத்தில் பிறந்தவர்களைவிடச் சில மடங்கு அதிகம் இருப்பது திரும்பத் திரும்பக் கணக்கிட்டுக் காட்டப்பட்ட விஷயம். திறமை மாதம் பார்த்துப் பிறப்பதில்லை. தேர்வு செய்பவரின் கண் பெரிய உடம்பைப் பார்த்து ஏமாறுகிறது, அவ்வளவுதான். கடைசிக் காலாண்டில் பிறந்த பிள்ளைக்கு 10 வயதில் இடம் கிடைக்கவில்லை என்றால் அதை விளையாட்டுத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல பயிற்சி தரும் சிறிய கிளப்பில் வாரத்துக்கு ஒரு முழு மேட்ச் ஆடவிட்டு, 12, 13-இல் மறுபடி முயலுங்கள்.

உயரம் பாயும் வருடம்

எல்லாவற்றிலும் முக்கியமான பகுதி இது. ஆண் பிள்ளைகளுக்குச் சராசரியாக 14 வயதை ஒட்டியும், பெண் பிள்ளைகளுக்கு 12 வயதை ஒட்டியும் உயரம் மிக வேகமாகக் கூடும். உச்சத்தில் ஆண் பிள்ளைகள் ஆண்டுக்கு 9, 10 செ.மீ. வரை வளர்வது சாதாரணம். அந்த உச்சம் ஒருவனுக்கு 12-இல் வரும், இன்னொருவனுக்கு 16-இல் வரும். அதனால் ஒரே அண்டர் 14 அணியில் எலும்பு முதிர்ச்சியில் நான்கு வருட இடைவெளி உள்ளவர்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். அகாடமிகள் பெரிய முடிவெடுக்கும் வருடமும் இதுவே.

வீட்டிலேயே அளக்கலாம், அளக்க வேண்டும். காலணி இல்லாமல், குதிகால் சுவரில் பட, கண்ணும் காதும் ஒரே மட்டத்தில் இருக்க நிற்க வைத்து, தலையில் தட்டையான அட்டையை வைத்துக் குறியுங்கள். எப்போதும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். காலை உயரத்துக்கும் மாலை உயரத்துக்கும் ஏறக்குறைய 1 செ.மீ. வித்தியாசம் வரும். பிறகு கெட்டியான முக்காலியில் முதுகு சுவரில் படும்படி உட்கார வைத்து உட்கார்ந்த உயரத்தையும் எடுங்கள். முக்காலியின் உயரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். எடையையும் சேர்த்து மாதம் ஒருமுறை ஒரு நோட்டில் எழுதிவந்தால் போதும். மூன்று மாத இடைவெளியில் பார்த்து, மாதத்துக்கு 0.6 செ.மீ.-க்கு மேல் கூடியிருந்தால் அவன் வேகக் கட்டத்துக்குள் நுழைந்துவிட்டான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

உட்கார்ந்த உயரம் எதற்கு என்று கேட்கலாம். கால்தான் முதலில் நீளும், உடற்பகுதி பின்னால் வரும். நின்ற உயரம் கூடி, உட்கார்ந்த உயரம் அப்படியே இருந்தால் கால் நீள்கிறது. குதிகாலும் முழங்காலும் வலிக்கும் காலம் அது. உட்கார்ந்த உயரம் ஏறத் தொடங்கினால் கவனம் இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் போக வேண்டும். இந்த இரண்டு எண்ணையும் பார்க்கும் பிசியோ, வலி வருவதற்கு முன்பே பயிற்சியை மாற்றிவிடுவார்.

இந்தக் காலத்தில் ஆட்டத்தில் என்ன தெரியும்? போன சீசனில் பந்தைக் காலோடு ஒட்டிவைத்திருந்தவனின் முதல் தொடுதல் இரண்டடி தள்ளிப் போகும். திரும்புவது தாமதமாகும். ஓட்டம் கட்டுக்குலைந்து தெரியும். கால் நீண்டுவிட்டது, மூளை இன்னும் பழைய காலின் அளவை வைத்தே கட்டளை அனுப்புகிறது. ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை இது நீடிக்கலாம். அப்போது பயிற்சியாளர் 'ஃபார்ம் போச்சு' என்பார், வீட்டில் கூடுதல் பயிற்சிக்கு அனுப்புவார்கள், வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பின்மேல் இன்னும் சுமை ஏறும். காயம் வருகிறது, இரண்டு மாதம் வெளியே, சீசன் முடிவில் அறிக்கை, ரிலீஸ், அதாவது அகாடமியிலிருந்து வெளியேற்றம். இதே வரிசையில் எத்தனையோ பையன்கள் காணாமல் போகிறார்கள்.

செய்ய வேண்டியது: முழு வேக ஓட்டம், குதிப்பு, நீண்ட ஷாட் ஆகியவற்றின் எண்ணிக்கையைக் குறைத்து, பந்தோடான நெருக்கமான வேலையைக் குறைக்காமல் வைத்திருப்பது. ஒற்றைக் காலில் சமநிலை, குதித்து மெதுவாக இறங்குவது, வயிறு முதுகுத் தசைகளுக்கான பயிற்சி ஆகியவற்றை வாரம் இரண்டு நாள் சேர்க்க வேண்டும். எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்பது வெறும் பயம். சரியான மேற்பார்வையில் படிப்படியாகச் செய்யும் வலுப்பயிற்சி இந்த வயதில் பாதுகாப்பானது, தேவையானதும்கூட.

இப்போது பல அகாடமிகள் பயோ-பேண்டிங் செய்கின்றன, அதாவது வயதுக்குப் பதிலாக உடல் முதிர்ச்சியை வைத்துக் குழு பிரிக்கின்றன. கேமிஸ்–ரோச் முறையில் பிள்ளையின் வயது, உயரம், எடை, பெற்றோர் இருவரின் உயரம் ஆகியவற்றை வைத்து வயதுவந்த உயரத்தைக் கணித்து, அதில் இப்போது எத்தனை சதவீதம் எட்டியிருக்கிறான் என்று பார்ப்பார்கள். 85 முதல் 90 சதவீதம் எட்டியவர்கள் எல்லாரும், பிறந்த வருடம் எதுவானாலும், ஒரே குழுவாக ஆடுவார்கள். தாமதமாக வளர்பவன் முதல்முறையாகத் தன் அளவு ஆட்களோடு ஆடி ஆட்டத்தை முன்நின்று நடத்துவான். பெல்ஜியக் கால்பந்துச் சங்கம் தாமதமாக வளர்பவர்களுக்கென்றே 'ஃப்யூச்சர்ஸ்' என்று தனி இளையோர் தேசிய அணி வைத்திருக்கிறது. உங்கள் அகாடமியில் இந்தக் கணக்கு இருக்கிறதா என்று 13 வயதில் கேளுங்கள். இருந்தால் உங்கள் பிள்ளையின் எண்ணை எழுத்தில் வாங்குங்கள்.

சீக்கிரம் வளர்ந்தவனைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. எனக்கு அவனைப் பற்றித்தான் கவலை அதிகம். 13 வயதில் தோளால் இடித்து, வேகத்தால் தாண்டி வாரம் மூன்று கோல் போடுகிறவன் வேறெதுவும் கற்கத் தேவையில்லாமல் 16-ஐ எட்டுகிறான். அப்போது மற்றவர்களும் அவன் உயரத்துக்கு வந்துவிடுவார்கள். அவனை ஒன்றிரண்டு வயது மூத்தவர்களோடு ஆடவிட வேண்டும், தோற்கவிட வேண்டும். கோல் கணக்கைப் பார்த்து மகிழும் வீட்டுக்கு இது கசக்கும்.

தாமதமாக வளர்ந்து மேலே வந்தவர்கள் உண்டு. உயரம் போதாது என்று பிரெஞ்சு கிளப்புகள் திருப்பி அனுப்பிய கிரீஸ்மானை 14 வயதில் ரியல் சோசியதாத் எடுத்துக்கொண்டது. செல்டிக் அகாடமி விட்டுவிட்ட ஆண்டி ராபர்ட்சன், குயின்ஸ் பார்க்கில் அமெச்சூராக ஆடி, டண்டீ யுனைடெட், ஹல் வழியாக 2017-இல் லிவர்பூலுக்கு வந்தார். டெக்லான் ரைஸை 14 வயதில் செல்சி விட்டது, வெஸ்ட் ஹாம் எடுத்தது. இவர்களை ஆறுதலுக்குச் சொல்லலாம், திட்டத்துக்கு அடிப்படையாக வைக்கக் கூடாது. ஆனால் ஒன்று கவனியுங்கள்: ரிலீஸ் ஆன பிறகும் இவர்கள் வாரம் தவறாமல் மேட்ச் ஆட ஓர் இடம் இருந்தது.

எந்த வலிக்கு நிறுத்த வேண்டும்

குதிகாலின் இரு பக்கத்தையும் அழுத்தினால் வலிக்கிறது, மேட்ச் முடிந்தபின் நொண்டுகிறான் என்றால் பெரும்பாலும் செவர்ஸ். 8 முதல் 14 வயதில் வருவது. கெண்டைத் தசை இழுக்கும் இடத்தில் எலும்பின் வளர்ச்சித் தட்டு எரிச்சல் கொள்கிறது. முழங்கால் சில்லுக்குக் கீழே மேடு தட்டி, அமுக்கினால் வலித்தால் ஆஸ்குட்–ஷ்லாட்டர். இரண்டும் வளர்ச்சி முடிந்தால் அடங்கும். அதுவரை ஓட்டம், குதிப்பு இரண்டையும் வலி தாங்கும் அளவுக்குள் குறைக்க வேண்டும். கடினமான தரையில் நீண்ட ஸ்டட் ஷூ வேண்டாம். இவற்றை ஊசி போட்டு மறைத்து ஆடவைக்கும் இடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கீழ்முதுகு வலி வேறு வகை. பின்னால் வளையும்போது வலித்து, இரண்டு மூன்று வாரத்தில் போகாவிட்டால் முதுகெலும்பில் அழுத்த முறிவு இருக்கலாம். மருத்துவரிடம் காட்டி, தேவைப்பட்டால் எம்ஆர்ஐ எடுக்கும்வரை ஆட்டம் கிடையாது. ஷாட் அடிக்கும்போது இடுப்பு முன்பகுதியில் 'டக்' என்று பிடித்தால் தசைப்பிடிப்பு என்று விடாதீர்கள். இந்த வயதில் தசை கிழிவதற்குப் பதிலாக எலும்புத் துண்டையே பிய்த்துக்கொண்டு வரக்கூடும், எக்ஸ்-ரே அவசியம்.

பெண் பிள்ளைகளுக்கு முழங்காலின் ஏசிஎல் தசைநார் அறுபடும் ஆபத்து ஆண் பிள்ளைகளைவிட அதிகம். ஃபிஃபா 11+ வார்ம்-அப் இதற்குக் கையில் இருக்கும் எளிய ஆயுதம்: 15 பயிற்சி, சுமார் 20 நிமிடம்; 8 நிமிடம் மெதுவோட்டம், 10 நிமிடம் வலு, குதிப்பு, சமநிலை, 2 நிமிடம் வேக ஓட்டம். வாரம் குறைந்தது இரண்டு முறை செய்தால்தான் பலன். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் வீரர்களிடம் செய்த பெரிய ஆய்வில் காயங்கள் மொத்தத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடிவதைத் திருத்துவதுதான் அதன் உயிர்நாடி. அதைப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் முடிக்கிற அணிக்கு நேரம்தான் வீண்.

16: காகிதம் பேசும் வயது

இங்கிலாந்தில் 16-இல் இரண்டாண்டு ஸ்காலர்ஷிப், 17 முதல் தொழில்முறைக் கான்ட்ராக்ட். மற்ற நாடுகளில் வயது மாறும். ஆனால் ஃபிஃபா விதி எல்லாருக்கும் ஒன்று: 18 வயதுக்குட்பட்ட வீரருக்கு 3 ஆண்டுக்கு மேற்பட்ட கான்ட்ராக்ட் செல்லாது. கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. நீட்டிக்கும் உரிமை யார் கையில் இருக்கிறது? கிளப் கையில் மட்டும் என்றால் 2 ஆண்டு என்பது 3 ஆண்டு ஆகலாம். காயத்தில் இருக்கும்போது சம்பளமும் சிகிச்சையும் தொடருமா? படிப்புக்கு நேரமும் செலவும் எழுத்தில் இருக்கிறதா? வாயால் சொன்னது எதுவும் கணக்கில் வராது.

ஏஜென்ட் பற்றி: ஃபிஃபாவின் 2023 விதிப்படி, அந்த நாட்டில் முதல் தொழில்முறைக் கான்ட்ராக்ட் போடக்கூடிய வயதுக்கு 6 மாதம் முன்பிருந்துதான் உரிமம் பெற்ற ஏஜென்ட் இளம் வீரரை அணுகலாம்; அதுவும் பெற்றோரோ காப்பாளரோ எழுத்தில் சம்மதித்த பிறகே. வீரருடன் ஏஜென்ட் போடும் ஒப்பந்தம் 2 ஆண்டைத் தாண்டக் கூடாது. 13 வயதுப் பையனுக்கு ஷூ வாங்கித் தந்து 'குடும்ப நண்பராக' வருபவரை வாசலிலேயே நிறுத்துங்கள்.

வெளிநாட்டுக் கனவு விற்பவர்களிடம் இன்னும் கவனம் தேவை. 18 வயதுக்கு முன் நாடு விட்டு நாடு மாறிப் பதிவு செய்வதை ஃபிஃபா பொதுவாகத் தடுக்கிறது. விதிவிலக்குகள் குறைவு: கால்பந்துக்குத் தொடர்பில்லாத காரணத்தால் பெற்றோர் குடிபெயர்வது, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 முதல் 18 வயது, எல்லையிலிருந்து 50 கி.மீ.க்குள் வீடும் கிளப்பும் இருப்பது, அகதி நிலை போன்றவை. பிரெக்ஸிட்டுக்குப் பின் 2021 முதல் இங்கிலாந்து கிளப்புகளுக்கு அந்த ஐரோப்பிய வழியும் அடைபட்டுவிட்டது. இந்த விதியை மீறியதற்காக பார்சிலோனாவே 2015-இல் வீரர்களைப் பதிவு செய்ய முடியாமல் நின்றது. ஆகவே 15 வயதுப் பையனுக்கு இன்னொரு கண்டத்தில் கிளப் வாங்கித் தருகிறேன், டிரையல்ஸுக்குப் பணம் கட்டுங்கள் என்பவர் விதி தெரியாதவர் அல்லது ஏமாற்றுபவர். இரண்டில் எதுவானாலும் பணமும் பாஸ்போர்ட்டும் கொடுக்கக் கூடாது.

சிறிய கிளப்புகளுக்கு ஒரு வார்த்தை. வீரரின் 12 வயது முதல் ஆண்டுவாரியான பதிவுக் காகிதங்களைப் பத்திரமாக வையுங்கள். பின்னாளில் அவர் பணம் கைமாறும் சர்வதேச டிரான்ஸ்ஃபரில் போனால் தொகையில் 5 சதவீதம், அவரை 12 முதல் 23 வயதுவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்படும்: 12 முதல் 15 வரை ஆண்டுக்கு 0.25, 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5 சதவீதம். 10 லட்சம் யூரோ டிரான்ஸ்ஃபரில் 12 முதல் 15 வரை நான்கு ஆண்டும் வைத்திருந்த கிளப்புக்கு 10,000 யூரோ. பதிவு இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை.

18-இலிருந்து 21

இளையோர் அணியில் ஜொலித்தவன் தேங்குவது இங்கேதான். காரணம் பெரும்பாலும் ஆட்ட நிமிடம். 19 வயதுக்காரனுக்கு, வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஆடும் பெரிய ஆட்களோடு முழு 90 நிமிடம் வேண்டும். ஸ்பெயினில் 'பி' அணிகள் சீனியர் லீக்கிலேயே, முதல் அணிக்குக் கீழான பிரிவில் ஆடுகின்றன. அயாக்ஸ் கிளப்பின் இரண்டாம் அணியான யோங் அயாக்ஸ் 2013 முதல் நெதர்லாந்தின் இரண்டாம் பிரிவில் ஆடுகிறது. அந்த வசதி இல்லாத இடத்தில் லோன்தான், அதாவது வேறு கிளப்புக்குத் தற்காலிகமாக ஆடப் போவதுதான் வழி. ஹாரி கேன் லேட்டன் ஓரியன்ட், மில்வால், நார்விச், லெஸ்டர் என்று நான்கு லோன் போய்வந்தவர். எல்லாமே நன்றாக அமையவில்லை.

லோனுக்கு முன் கேட்க வேண்டியவை: அங்கே என் இடத்தில் இப்போது யார் ஆடுகிறார், அவர் வயதென்ன? அந்தப் பயிற்சியாளர் விங்கரே இல்லாத அமைப்பில் ஆடினால் விங்கருக்கு அங்கே என்ன வேலை? என்னைக் கேட்டது பயிற்சியாளரா, நிர்வாகமா? ஆட்டம் கிடைக்காவிட்டால் சீசன் நடுவில் திரும்பி அழைக்கும் பிரிவு உண்டா? என் கிளப்பிலிருந்து யார், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்? 2024 ஜூலை முதல் ஒரு கிளப் சர்வதேச லோனில் அனுப்பக்கூடியது 6 பேர்தான். ஆனால் கிளப்பிலேயே வளர்ந்த 21 வரையிலானவர்களுக்கு அந்த வரம்பு இல்லை. அதனால் அவர்களைக் கொத்தாக அனுப்ப முடியும். பதில் தெரியாமல் போனால் நீங்கள் அந்தக் கொத்தில் ஒருவர்.

கிளப் உங்களை எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா நடத்தும் போட்டிகளின் 25 பேர் பட்டியலில் 8 இடம் உள்ளூரில் வளர்ந்தவர்களுக்கு. அதில் 4 அந்த கிளப்பிலேயே 15 முதல் 21 வயதுக்குள் மூன்று சீசன் இருந்தவர்களுக்கு. அகாடமி வீரருக்குக் கிளப்பில் இருக்கும் தனி மதிப்பு இது. மறுபக்கம், அகாடமி வீரரை விற்றால் வரும் தொகை கிட்டத்தட்ட முழுதும் லாபமாகக் கணக்கில் ஏறும். வாங்கிய வீரருக்கு அப்படியில்லை. 20 வயதில் உங்களை விற்கப் பேசுகிறார்கள் என்றால் ஆட்டம் சரியில்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். போகும் இடத்தில் நிமிடம் இருந்தால் போங்கள்.

ரிலீஸ் ஆன பிறகு

அந்தச் செய்தி வரும் வாரத்தில் வீட்டில் யாரும் ஆட்டத்தை அலசாதீர்கள். பிள்ளையின் நண்பர்கள், நேர அட்டவணை, தன்னைப் பற்றிய எண்ணம் எல்லாம் ஒரே நாளில் போகின்றன. தூக்கம், சாப்பாடு, பேச்சு மூன்றையும் சில மாதம் கவனியுங்கள்; ஒதுங்கினால் மனநல ஆலோசகரிடம் கூட்டிச் செல்லத் தயங்காதீர்கள். இங்கிலாந்தின் கிரிஸ்டல் பேலஸ் கிளப் வெளியேறும் இளைஞர்களுக்கு மூன்றாண்டு ஆதரவுத் திட்டம் தொடங்கியது. உங்கள் கிளப்பில் அப்படி ஏதாவது உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள்.

வழிகள் பல. கீழ்ப் பிரிவு கிளப் ஒன்று. ஷெஃபீல்ட் வெட்னஸ்டே 16 வயதில் விட்ட ஜேமி வார்டி, ஸ்டாக்ஸ்பிரிட்ஜ், ஹாலிஃபாக்ஸ், ஃப்ளீட்வுட் என்று ஏறி 2012-இல் லெஸ்டருக்கு வந்து, 2016-இல் பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கினார். அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டு உதவித்தொகை இன்னொன்று; பள்ளி மதிப்பெண் அங்கே கதவைத் திறக்கும். தொழில்முறைக் கான்ட்ராக்ட் போட்டிருப்பது அங்கே தகுதியைப் பாதிக்கலாம் என்பதால், கையெழுத்துக்கு முன்பே அந்த விதியைப் படித்துவிட வேண்டும். பயிற்சியாளர் உரிமம், வீடியோ அனலிஸ்ட், பிசியோ, நடுவர் ஆகிய வேலைகளும் அகாடமியில் கற்றதை அப்படியே பயன்படுத்துபவை. முழங்கால் காயத்தால் 20 வயதில் ஆட்டத்தை விட்ட யூலியான் நாகெல்ஸ்மான், 28 வயதில் ஹோஃபன்ஹைமின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

மேற்கொண்டு ஆடுவது என்று முடிவெடுத்தால், கிளப்பை விட்டு வரும் முன் நான்கு பொருளைக் கேட்டு வாங்குங்கள்: மருத்துவ, காயப் பதிவுகள், வளர்ச்சி அளவுகளும் ஓட்டச் சோதனை எண்களும், முழு மேட்ச் வீடியோக்கள், பயிற்சியாளரின் கடிதம். வீடியோ 4 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு காட்சியிலும் ஆட்டம் தொடங்கும் முன் உங்கள்மேல் அம்புக்குறி இருக்கட்டும். கோல்களை மட்டும் கோக்காமல், பந்தை இழந்த பிறகு திரும்ப ஓடுவது, பந்து இல்லாதபோது இடம் மாறுவது ஆகியவற்றை வெட்டாமல் வையுங்கள். கேட்டால் அனுப்ப ஒரு முழு மேட்ச்சும் தயாராக இருக்க வேண்டும். இரண்டு வாரம் ஓய்வெடுத்து, மூன்று நான்கு வாரம் உடலைத் தேற்றி, அதன் பிறகு டிரையல்ஸுக்குப் போகலாம். ஆறாத காயத்தோடு போய் ஒரு கிளப்பில் மங்கலாக ஆடினால் அங்கே மறுவாய்ப்பு அரிது. பழைய கிளப்பின் பதிவு முறையாக விடுவிக்கப்பட்டதற்கான எழுத்து கையில் இருக்கட்டும். அது இல்லாமல் டிரையல்ஸில் தேறியவரைக்கூட டிரான்ஸ்ஃபர் விண்டோ (வீரர்களைப் பதிவு செய்ய அனுமதிக்கும் காலம்) மூடும் முன் பதிவு செய்ய முடியாமல் புதிய கிளப் விட்டுவிடும்.